மயோனைஸ் இல்லாத டூனா



நம் சபையில் நர்ஸ் வேலை பார்க்கும் எங்களிடம் வாலிபர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அக்கா, மதியத்துக்கு டூனா சாண்ட்விச்தான் சாப்பிடுகிறேன். அது உடம்புக்கு நல்லதுதானே?" கேட்கிறவர்களில் பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் படிக்கிறவர்கள் உண்டு. இல்ஃபோர்ட் ஸ்டேஷனில் காலை ஏழு மணிக்கே எலிசபெத் லைன் பிடிக்கிறவர்களும், பிள்ளைகளுக்கு லஞ்ச் பாக்ஸ் கட்டுகிற இளம் தாய்மாரும் உண்டு. எங்கள் பதில் எப்போதும் ஒன்றுதான்: "மீன் நல்லது. அதோடு என்ன கலக்கிறீர்கள்?"

இந்த இதழில் அந்தப் பதிலைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறோம்.

டப்பாவுக்குள் இருப்பது யார்?

கடையில் வாங்கிய டூனா டப்பாவைத் திருப்பி, பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். பல டப்பாக்களில் 'ஸ்கிப்ஜாக்' என்று இருக்கும். இது அந்நிய மீன் அல்ல. நம் கரையோரங்களில் சூரை என்று சொல்லும் மீன் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். இதே ஸ்கிப்ஜாக்கை வேகவைத்து, புகையில் காட்டி, வெயிலில் காயவைத்தால் மாசி. மாலத்தீவிலும் லட்சத்தீவின் மினிக்காயிலும் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் செய்கிறார்கள். தூத்துக்குடிக்காரர் மாசிக் கருவாடு என்பதும், யாழ்ப்பாணத்தார் சம்பலில் இடித்துப் போடுவதும் அதுதான். ஆக, சபையில் எந்த ஊர்க் குடும்பமானாலும் இந்த மீனோடு பழைய உறவு உண்டு. டப்பாவில் வந்ததால் அடையாளம் தெரியாமல் போயிற்று, அவ்வளவே.

டப்பாவில் அடைப்பதும் லண்டனுக்குப் பழைய தொழில். 1810-இல் பீட்டர் டுராண்ட் இதற்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். 1813-இல் பிரையன் டோன்கினும் ஜான் ஹாலும் தேம்ஸ் நதிக்குத் தெற்கே பெர்மண்ட்சியில் டப்பா உணவுத் தொழிற்சாலை தொடங்கினார்கள். முறை இன்றும் அதேதான். உணவை டப்பாவில் வைத்துக் காற்றுப் புகாமல் மூடி, அதிக வெப்பத்தில் கிருமி நீக்குகிறார்கள். அதனால் உள்ளே இருக்கும் மீன் ஏற்கெனவே வெந்ததுதான். நாம் அதைச் சமைக்க வேண்டியதில்லை, பக்குவப்படுத்தினால் போதும்.

மயோனைஸ் என்ன செய்கிறது?

மயோனைஸ் என்பது முட்டை மஞ்சள் கரு, வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு, எண்ணெய் ஆகியவற்றின் கலவை. சாதாரண மயோனைஸில் 70 முதல் 80 சதவீதம் எண்ணெய்தான். ஒரு மேசைக்கரண்டியில் ஏறக்குறைய 100 கலோரி இருக்கும். தண்ணீரில் அடைத்த டூனாவை வடித்துவிட்டால், 100 கிராமுக்குச் சுமார் 110 கலோரியும் 25 கிராம் புரதமும் கிடைக்கும். ஒரு டப்பா மீனுக்கு இரண்டு கரண்டி மயோனைஸ் போட்டால், மீனை விடக் கூடுதலான கலோரி மயோனைஸிலிருந்து வருகிறது. மீன் சாப்பிடுகிறோம் என்று நினைத்துக்கொண்டு பாதிக்கு மேல் எண்ணெய் சாப்பிடுகிறோம்.

மயோனைஸ் விஷம் என்று நாங்கள் சொல்லவில்லை. எப்போதாவது சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் நம் வீடுகளின் நிலவரம் உங்களுக்கே தெரியும். அப்பாவுக்குச் சர்க்கரை, அம்மாவுக்குக் கொலஸ்ட்ரால், மாமாவுக்கு இருதயத்தில் ஸ்டென்ட். தெற்காசியர்களுக்கு மற்றவர்களை விடக் குறைந்த எடையிலேயே இரண்டாம் வகை நீரிழிவு வருகிறது. அதனால்தான் 2013-இல் பிரிட்டனின் நைஸ் அமைப்பு, நமக்குப் பி.எம்.ஐ. 23 ஆனாலே ஆபத்து கூடத் தொடங்குகிறது, 27.5 ஆனால் அது மிக அதிகம் என்று அறிவுரை வெளியிட்டது. மற்றவர்களுக்கு அந்த எண்கள் 25, 30. 'நான் ஒல்லிதானே' என்று இருபது வயதில் சொல்கிறவர், தினமும் உண்ணும் மதிய உணவைக் கவனிக்க வேண்டிய காரணம் இதுதான்.

மயோனைஸ் வேண்டாமென்றால் அது செய்த வேலையை வேறு ஏதாவது செய்ய வேண்டும். அந்த வேலை மூன்று: வறண்ட மீனுக்கு ஈரம் தருவது, உதிராமல் சேர்த்துப் பிடிப்பது, புளிப்பினால் மீன் வாடையைத் தணிப்பது. இந்த மூன்றுக்கும் நம் சமையலறையில் பொருள் இருக்கிறது.

நான்கு வழிகள்

எந்த வழியானாலும் முதல் வேலை வடிப்பது. மூடியை மீன் மேல் அழுத்தி நீரை நன்றாகப் பிழிந்துவிடுங்கள். பிழியாமல் விட்டால் ரொட்டி ஊறிப்போகும், சுவையும் நீர்த்துவிடும். உப்பைக் கடைசியில், ருசி பார்த்த பிறகே சேருங்கள். உப்புநீரில் அடைத்த டப்பாவில் உப்பு ஏற்கெனவே இருக்கும். வாங்கும்போதே தண்ணீரில் அடைத்ததைப் பார்த்து வாங்குவது நல்லது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 6 கிராம் உப்புக்கு மேல் கூடாது.

முதல் வழி, எலுமிச்சை டூனா. வடித்த ஒரு டப்பா மீனை முள்கரண்டியால் உதிர்த்து, அரை எலுமிச்சைச் சாறு (யாழ்ப்பாணத்தார் மொழியில் தேசிக்காய்), ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய், பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், ஒரு பச்சை மிளகாய், கொத்தமல்லித் தழை, மிளகுத்தூள் சேர்த்துப் பிசையுங்கள். ஐந்து நிமிடம் ஊறினால் போதும். அடுப்பே தேவையில்லை என்பதால் ஹாஸ்டல் அறையிலும் செய்யலாம்.

இரண்டாவது வழி, தயிர் டூனா. மயோனைஸின் வழுவழுப்பு வேண்டும் என்கிறவர்களுக்கு இதுதான் ஏற்றது. கெட்டியான கிரீக் தயிர் இரண்டு மேசைக்கரண்டி, விதை நீக்கித் துருவிப் பிழிந்த வெள்ளரிக்காய், புதினா, மிளகு, சிறிது கடுகு விழுது. கொழுப்புக் குறைந்த தயிரானால் இரண்டு கரண்டியும் சேர்ந்து 20, 30 கலோரிக்குள் அடங்கிவிடும். பள்ளிப் பிள்ளைகளுக்கு மிளகைக் குறைத்து, ஸ்வீட்கார்ன் சேர்த்தால் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள்.

மூன்றாவது வழி, கடலை டூனா. டப்பாவில் வரும் கொண்டைக்கடலையில் பாதியைக் கழுவி மசித்து, மீனோடு எலுமிச்சைச் சாறும் வறுத்த சீரகத்தூளும் சேர்த்துப் பிசையுங்கள். மீனில் இல்லாத நார்ச்சத்து கடலையில் இருக்கிறது. பசி நெடுநேரம் தாங்கும். இரவுப் பணிக்கு நாங்கள் எடுத்துப்போவது பெரும்பாலும் இதைத்தான். சூடாக்க வேண்டியதில்லை, ஆகவே ஓய்வறை மைக்ரோவேவில் மீன் வாடை எழுந்து மற்றவர்கள் முகம் சுளிக்கவும் இடமில்லை.

நான்காவது வழி, டூனாப் புட்டு. சுறாப்புட்டு தெரிந்த வீடுகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை தாளித்து, சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் வதக்கி, மஞ்சள் தூள் சேர்த்து, வடித்த இரண்டு டப்பா மீனைப் போடுங்கள். ஏழெட்டு நிமிடம் கிளறினால் ஈரம் வற்றி உதிரியாக வரும். இறக்கும்போது மிளகும், விரும்பினால் ஒரு கரண்டி தேங்காய்த் துருவலும். சோற்றுக்கும் சப்பாத்திச் சுருளுக்கும் பொருந்தும். இதனோடு மசித்த உருளைக்கிழங்கு சேர்த்து உருட்டினால் கட்லட்டுக்கும் ஆகும்.

தாய்மாருக்கு ஒரு சொல்

சுறாப்புட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று உண்டு. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்க சுறா கொடுப்பது நம் பாட்டிமார் வழக்கம். ஆனால் சுறா, வாள்மீன், மார்லின் போன்ற பெரிய வேட்டை மீன்களின் உடலில் பாதரசம் சேர்கிறது. சிறிய மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன அது மேலும் மேலும் கூடுகிறது. ஆகவே கர்ப்பிணிகளும், கர்ப்பம் தரிக்க முயல்கிறவர்களும், 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் இந்த மீன்களை அறவே தவிர்க்க வேண்டும் என்று என்.எச்.எஸ். சொல்கிறது. பால் கொடுக்கும் தாய்மார் உட்பட மற்றப் பெரியவர்களுக்கும் வாரம் ஒரு வேளைக்கு மேல் கூடாது.

டூனாவிலும் சிறிது பாதரசம் உண்டு. அதனால் கர்ப்பிணிகளுக்கும் கர்ப்பத்துக்கு முயல்கிறவர்களுக்கும் வாரம் நான்கு டப்பாதான் எல்லை. புட்டு செய்யும் பாட்டியிடம், "சுறாவுக்குப் பதில் இதைப் போடுங்கள், கைப்பக்குவம் அதேதான்" என்று அன்பாகச் சொல்லிப் பாருங்கள். பழக்கத்தை விடச் சொன்னால் பாட்டி கோபிப்பார். மீனை மட்டும் மாற்றச் சொன்னால் கேட்பார்.

இன்னொன்று. வாரம் இரண்டு வேளை மீன், அதில் ஒரு வேளை எண்ணெய்ச்சத்துள்ள மீன் என்பது என்.எச்.எஸ். அறிவுரை. இருதயத்துக்கு நல்ல ஒமேகா 3 அந்த மீன்களில்தான் அதிகம். டூனா அந்தக் கணக்கில் சேராது. மத்தி, கானாங்கெளுத்தி, சால்மன் சேரும், டப்பாவில் வந்தாலும் சேரும். ஆகவே ஒரு வாரம் டூனாப் புட்டு செய்தால், அடுத்த வாரம் அதே தாளிப்பில் டப்பா மத்தியைப் போட்டுப் பாருங்கள்.

பத்திரமாக வைப்பது

திறந்த டப்பாவோடு மீனை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். மூடியுள்ள வேறு பாத்திரத்துக்கு மாற்றி, 5 டிகிரிக்குள் வைத்து, இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். உப்பிய டப்பாவையும், கசிகிற டப்பாவையும் திறக்காமலே எறிந்துவிடுங்கள். சாண்ட்விச்சை வெளியே எடுத்தால் நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். அதற்கு மேல் வெளியே இருக்குமென்றால் பையில் ஒரு ஐஸ் பேக் வையுங்கள்.

டூனா வெதுவெதுப்பில் கிடந்தால் அதில் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகும். சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவக்கும், உடல் அரிக்கும், தலை வலிக்கும். பார்த்தால் ஒவ்வாமை போலவே இருக்கும். மறுபடி கொதிக்கவைத்தாலும் ஹிஸ்டமின் அழியாது. ஆகவே 'சூடாக்கினால் சரியாகிவிடும்' என்ற கணக்கு இங்கே செல்லாது. இப்படி நேர்ந்தால் 111-ஐ அழையுங்கள். மூச்சுத் திணறல், நாக்கு அல்லது தொண்டை வீக்கம் இருந்தால் தாமதிக்காமல் 999.

சபை விருந்துக்குச் செய்து கொண்டுவருகிறவர்கள் பாத்திரத்தின் மேல் ஒரு சீட்டு ஒட்டுங்கள். இந்த நாட்டுச் சட்டம் பட்டியலிடும் 14 ஒவ்வாமைப் பொருள்களில் மீனும் முட்டையும் உண்டு. மயோனைஸை விட்டதால் முட்டை போயிற்று என்பது உண்மைதான். ஆனால் நல்லெண்ணெயோடு எள் வந்தது, தயிரோடு பால் வந்தது, தாளிப்போடு கடுகு வந்தது. இந்த மூன்றும் அதே பட்டியலில் உள்ளவை. "மீன், பால், கடுகு உண்டு" என்று ஒரு வரி எழுத அரை நிமிடம் போதும். ஒவ்வாமை உள்ள பிள்ளையின் தாய்க்கு அந்த ஒரு வரி பெரிய நிம்மதி.

இந்த வாரமே ஒன்றைச் செய்து பாருங்கள். இல்ஃபோர்ட் லேன் பக்கம் போகும்போது கறிவேப்பிலையும் பச்சை மிளகாயும் வாங்கிக்கொள்ளுங்கள். நான்கில் எது உங்கள் வீட்டில் முதலில் காலியாகிறது என்று எங்களிடம் வந்து சொல்லுங்கள்.