வீட்டிலேயே ஓர் இணைய வழங்கி: எதை வாங்குவது, எதை நிறுவுவது?

எங்கள் ஊரின் இணையத்தளம் ஒருநாள் காலையில் இல்லாமற்போயிருந்தது. யாரும் தாக்கவில்லை, யாரும் தடை செய்யவுமில்லை. வெளிநாட்டில் இருக்கும் உறவினர் ஒருவரின் கடன் அட்டையில்தான் அதன் வருடக் கட்டணம் போய்க்கொண்டிருந்தது. அட்டை காலாவதியானது. நினைவூட்டல் மின்னஞ்சல்கள் அவர் திறந்து பார்க்காத கணக்குக்குப் போயிருந்தன. தவணை கடந்ததும் வழங்கி நிறுவனம் எல்லாவற்றையும் அழித்துவிட்டது.

பாடசாலை ஆண்டு மலர்கள், திருவிழாப் படங்கள், போரில் இறந்த ஊரவர்களின் அந்தியேட்டிக் கல்வெட்டுகள் என ஆறு வருடங்களாக வீடு வீடாகப் போய் ஸ்கான் செய்தவை அதில் இருந்தன. பாதிக்கு மேல் பென்டிரைவ்களில் மீண்டன. மிகுதிக்கு மறுபடியும் படலை படலையாகப் போனோம். ஓர் அம்மாவிடம் மகனின் படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நாங்கள் திரும்பிப் போனபோது அது மழை ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிப் பழுதாகியிருந்தது. யாரோ கைத்தொலைபேசியில் சேமித்து வைத்திருந்த சிறிய பிரதிதான் மிஞ்சியது.

அதற்குப் பிறகுதான் வழங்கியை வீட்டிலேயே வைப்பதென்று முடிவெடுத்தேன். நான் கணினிப் பொறியியலாளர் அல்லன். இரண்டு வருடங்களாகப் பிழைவிட்டுப் பழகியவன். ஊர்ச் சங்கம், பாடசாலை, குடும்பம் என்று எதற்காகவாவது ஆவணம் சேர்ப்பவர்களுக்கு இந்த அனுபவம் உதவலாம்.

வழங்கி என்பது என்ன?

வழங்கி என்றதும் குளிரூட்டிய அறையில் அடுக்கி வைத்த பெரிய இயந்திரங்கள் நினைவுக்கு வரும். உண்மையில், எப்போதும் இயங்கிக்கொண்டும் இணையத்தோடு இணைந்தும் இருந்து, கேட்பவருக்குப் பக்கத்தை எடுத்துக்கொடுக்கும் எந்தக் கணினியும் வழங்கிதான். ஆகவே இயந்திரத்தை வாங்குவதற்கு முன் எதை வைக்கப் போகிறோம் என்பதைத் தீர்மானிக்க வேண்டும்.

படங்களும் கட்டுரைகளும் மட்டுமென்றால் நிலையான பக்கங்களே போதும். பக்கத்தை ஒருமுறை உருவாக்கி வைத்துவிட்டால் வழங்கி அதை அப்படியே அனுப்பும். இதற்கு 1 ஜிபி நினைவகமுள்ள கணினியே தாராளம். பலர் உள்நுழைந்து எழுதுவதற்கு வேர்ட்பிரஸ் போன்றது வேண்டுமென்றால் பிஎச்பியும் தரவுத்தளமும் சேர்ந்து ஓட வேண்டும். அதற்கு 2 முதல் 4 ஜிபி நினைவகம் இருப்பது நல்லது.

வன்பொருள்: மின்கட்டணத்திலிருந்து தொடங்குங்கள்

வேகத்தைப் பார்த்துக் கணினி வாங்குவது வழமை. வீட்டு வழங்கிக்கு முதலில் பார்க்க வேண்டியது மின்சாரம். அது இரவும் பகலும் இயங்கப்போகிறது.

பழைய மேசைக்கணினி ஒன்று 80 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 30 நாட்களில் ஏறக்குறைய 58 அலகு. 15 வாட் எடுக்கும் மடிகணினிக்கு 11 அலகு. 5 வாட் எடுக்கும் ராஸ்ப்பெரி பை போன்ற சிறு கணினிக்கு நான்கு அலகுக்கும் குறைவு. நமது வீட்டு மின்கட்டணத்தில் அலகு கூடக்கூட வீதமும் ஏறும். சும்மா கிடக்கிறதே என்று பழைய மேசைக்கணினியை ஓடவிடுவது இலவசமாகத் தெரியும். மாதக் கடைசியில் பில் வரும்போதுதான் விளங்கும்.

அடுத்தது மின்வெட்டு. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றதை மறந்திருக்க மாட்டோம். இப்போது அந்த நிலை இல்லை. ஆனாலும் மழைக்காலத்தில் நின்று நின்று வருவது நமக்குப் புதிதல்ல. எனது முதல் வழங்கி, மெமரி கார்டில் ஓடிய ஒரு ராஸ்ப்பெரி பை. எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் திடீரெனப் போனால் மெமரி கார்டில் உள்ளவை குழம்பிவிடும். நான்காவது மாதத்தில் எனக்கு அதுதான் நடந்தது. சிறு கணினியை வாங்குபவர்கள் மெமரி கார்டை நம்பாமல் யூஎஸ்பி வழியாக ஓர் எஸ்எஸ்டி வன்தட்டைப் பொருத்தி, அதிலிருந்தே இயக்குங்கள்.

இப்போது நான் பயன்படுத்துவது திரை உடைந்த பழைய மடிகணினி. விலை குறைவு, பற்றரி உள்ளேயே இருப்பதால் தனி யூபிஎஸ் தேவையில்லை. மூன்று விடயங்களை மட்டும் கவனிக்க வேண்டும். மூடியை மூடினாலும் உறங்காதபடி அமைக்க வேண்டும். பற்றரி எந்நேரமும் முழுமையாக ஏறி நிற்காமல், வசதி இருந்தால் 60 அல்லது 80 வீதத்தில் நிறுத்த வேண்டும். பற்றரி ஊதியிருந்தால் உடனே கழற்றிவிட வேண்டும், அது தீப்பிடிக்கக்கூடியது.

மேசைக்கணினியின் தொடக்க அமைப்பில், மின்சாரம் திரும்பியதும் தானாக இயங்கும்படி செய்யும் தெரிவு பெரும்பாலும் இருக்கும். பல மடிகணினிகளில் அது இல்லை. ரவுட்டரையும் மறக்க வேண்டாம். வழங்கி பற்றரியில் ஓடிக்கொண்டிருக்க ரவுட்டர் அணைந்தால் பயனில்லை. ரவுட்டருக்கென்றே சிறிய யூபிஎஸ்கள் கடைகளில் கிடைக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை இடிமின்னல் காலத்தில் செம்புக் கம்பி வழியே வரும் இணைப்பைக் கழற்றிவிடுவது புத்தி. தளம் சில மணித்தியாலம் நிற்கும், இயந்திரம் தப்பும்.

மென்பொருள்: பழகியதும் சலிப்பானதும் நல்லது

இயங்குதளமாக டெபியனின் நிலையான பதிப்பைத் தெரிந்தெடுத்தேன். 1993 இல் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் திட்டம் அது. உரிமக் கட்டணம் இல்லை, பழைய கணினியிலும் ஓடும். ஒரு பதிப்புக்கு நீண்டகால ஆதரவையும் சேர்த்து ஐந்து வருடங்கள் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். அவற்றைத் தானாக நிறுவும்படி அமைத்துவிட்டேன்.

பக்கங்களை அனுப்பும் மென்பொருளில் அப்பாச்சியும் என்ஜின்எக்ஸும் முதன்மையானவை. வேர்ட்பிரஸுக்கு அப்பாச்சி பற்றிய வழிகாட்டல்கள் நிறையக் கிடைக்கும். நிலையான பக்கங்களுக்கு, நினைவகம் குறைவாக எடுக்கும் என்ஜின்எக்ஸ் பொருந்தும். பக்கங்களை உருவாக்க ஹியூகோவைப் பயன்படுத்துகிறேன். இணைப்பை மறைகுறியாக்கும் சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தருகிறது. அது குறுகிய காலத்துக்கே செல்லுபடியாகும் என்பதால், தானாகப் புதுப்பிக்க அமைப்பது அவசியம்.

பாதுகாப்பில் அடிப்படை இரண்டு. தூரத்திலிருந்து உள்நுழைவதைக் கடவுச்சொல்லால் அல்லாமல் சாவிக்கோப்பினால் மட்டும் அனுமதியுங்கள். ரவுட்டரில் 80, 443 என்ற இரண்டு வாயில்களுக்கு மேல் திறக்க வேண்டாம்.

இணைப்பு: பலர் தடுக்கி விழும் இடம்

எல்லாம் சரியாக அமைத்தும் வெளியிலிருந்து தளம் திறக்கவில்லை என்று ஒரு வாரம் தலையை உடைத்தேன். காரணம், இணையச் சேவை நிறுவனம் பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைப் பகிர்ந்து கொடுத்திருந்தது. 4ஜி இணைப்புகளில் இது மிகச் சாதாரணம். ரவுட்டர் காட்டும் வெளி முகவரியும், இணையத்தில் ‘என் ஐபி என்ன’ என்று தேடினால் வரும் முகவரியும் வேறுபட்டால் நீங்களும் அந்த நிலையில்தான் இருக்கிறீர்கள். ரவுட்டரில் உள்ளது 100.64 முதல் 100.127 வரையானவற்றில் தொடங்கினால் ஐயமே இல்லை.

இதற்கு வழிகள் உண்டு. பொது முகவரி ஒன்றைக் கட்டணம் செலுத்திக் கேட்கலாம். கிளவுட்ஃப்ளேர் போன்ற சேவையின் சுரங்க இணைப்பைப் பயன்படுத்தலாம். அல்லது வெளிநாட்டில் மிகச் சிறிய வழங்கி ஒன்றை வாடகைக்கு எடுத்து, வயர்கார்ட் மூலம் வீட்டோடு இணைக்கலாம். அந்த வாடகை நின்றாலும் வாசல் மட்டும்தான் போகும். பொருட்கள் வீட்டில் இருக்கும்.

பதிவேற்ற வேகத்தையும் அளந்து பாருங்கள். செக்கனுக்கு 2 மெகாபிட் வேகத்தில் 5 எம்பி படம் ஒன்று போய்ச்சேர 20 செக்கன் ஆகும். அதே படத்தை 200 கேபிக்குச் சுருக்கினால் ஒரு செக்கன்கூட ஆகாது. தளத்தில் சுருக்கிய படம், வன்தட்டில் மூலப்படம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எதை வைக்கக்கூடாது?

நம்மைப் போன்றவர்கள் இதைத்தான் அதிகம் யோசிக்க வேண்டும். நேரடி இணைப்பில் உங்கள் வீட்டு ஐபி முகவரி எல்லோருக்கும் தெரியும். எந்த நிறுவனத்தின் இணைப்பு, ஏறக்குறைய எந்தப் பகுதி என்பதை அதிலிருந்து அறியலாம். சுரங்க இணைப்பு அதைப் பார்வையாளரிடமிருந்து மறைக்கும். ஆனால் இடையில் நிற்கும் நிறுவனத்துக்குத் தெரியும். கைத்தொலைபேசியில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடமும் நேரமும் பதிந்திருக்கலாம். ஏற்றுமுன் அவற்றை நீக்குங்கள். தளப் பெயரைப் பதியும்போது உங்கள் விலாசம் வெளியே தெரியாமல் மறைக்கும் வசதியைக் கேளுங்கள்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடும் குடும்பங்களின் வாக்குமூலம், உயிரோடிருப்பவர்களின் விபரம் போன்றவற்றை இந்த வழங்கியில் நான் வைப்பதேயில்லை. மின்சாரம் வந்ததும் தானாக எழும்ப வேண்டிய கணினியின் வன்தட்டு முழுவதையும் மறைகுறியாக்கினால், ஒவ்வொரு முறையும் யாராவது கடவுச்சொல் கொடுத்தாக வேண்டும். ஆகவே பிரித்துவிட்டேன். உலகம் பார்க்கக்கூடியது வழங்கியில் இருக்கிறது. பார்க்கக்கூடாதது மறைகுறியாக்கிய தனி வன்தட்டில், எந்தக் கணினியோடும் இணைக்கப்படாமல், வேறிடத்தில் இருக்கிறது.

தூக்கிக்கொண்டு போகக்கூடியதா?

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது அம்மா தூக்கியது ஒரு பையைத்தான். பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி, கலியாணப் படங்கள் எல்லாம் அதற்குள் இருந்தன. எந்த நேரமும் எடுத்துக்கொண்டு போகக்கூடிய மாதிரி அது ஆயத்தமாக இருந்தது. வழங்கியையும் அப்படித்தான் அமைக்க வேண்டும் என்பது எனது அனுபவம்.

மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு ஊரில் என்பது காப்புப் பிரதிக்கான பொது விதி. எனது ஒரு பிரதி வழங்கியில், இன்னொன்று அலுமாரியில் உள்ள வெளி வன்தட்டில், மூன்றாவது கனடாவில் தம்பியின் கணினியில். ரெஸ்டிக் என்ற மென்பொருள் இரவில் அதை மறைகுறியாக்கி அனுப்புகிறது. கட்டணம் கட்டும் திகதிகளும் கடவுச்சொற்களும் இப்போது இரண்டு பேருக்குத் தெரியும்.

காப்புப் பிரதி இருக்கிறது என்று நம்பியிருந்தால் போதாது. மீட்டுப் பார்க்க வேண்டும். போன மாதம் வெறும் கணினி ஒன்றில் டெபியனை நிறுவி, வெளி வன்தட்டிலிருந்து தளத்தை முழுமையாக எழுப்பிப் பார்த்தேன். ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. அந்த அம்மாவின் மகனின் சிறிய படமும் அதில் சரியாகத் திறந்தது.