என்ஜினின் உஷ்ணம்

1985ஆம் ஆண்டில் ஷா ஆலம் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த முதல் புரோட்டோன் சாகாவின் முகப்புப் பலகையில், என்ஜினைச் சுற்றிவரும் கூலண்ட் நீரின் உஷ்ணத்தைக் காட்ட ஒரு முள் இருந்தது. இன்று நம் சாலைகளில் மலிந்துள்ள பெரோடுவா மைவி போன்ற வாகனங்களிலோ, அந்த முள்ளின் ஸ்தானத்தில், என்ஜின் குளிர்ந்திருக்கையில் நீலமாகவும் மிதமிஞ்சிச் சூடேறுகையில் சிவப்பாகவும் ஒளிரும் விளக்குகளே உள்ளன.

கூட்டரசு நெடுஞ்சாலையின் மாலை நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது, எதிர்க்காற்று இன்மையால் ரேடியேட்டரைக் குளிர்விக்கும் பொறுப்பு மின்விசிறியையே சார்ந்துவிடுகிறது. அது பழுதுற்றால் உஷ்ணம் விரைந்து ஏறும். சிவப்பு விளக்கு எரிந்தால் உடனே ஓரங்கட்டி என்ஜினை அணைத்துவிடுதல் அவசியம். வீடு அருகில்தானே என்று தொடர்ந்து ஓட்டினால் சிலிண்டர் ஹெட்டே வளைந்துபோகக்கூடும். ரேடியேட்டர் மூடியை மட்டும் அப்பொழுது தொடவே வேண்டாம்: அழுத்தத்தின் காரணமாக 100 டிகிரியைக் கடந்தும் கொதிக்காமல் அடங்கியிருக்கும் நீர், மூடி தளர்ந்த அக்ஷணமே ஆவியாய்ச் சீறி, முகத்தையும் கைகளையும் வெந்துபோகச் செய்யும் அபாயம் உண்டு.

காலையில், என்ஜின் குளிர்ந்திருக்கையில், கூலண்ட் ரிசர்வ் டாங்கியின் நீர்மட்டம் அதிலுள்ள இரு கோடுகளுக்கும் இடையே நிற்கிறதா என்று பார்க்க ஒரு நிமிஷம் போதும். அது அடிக்கடி குறையுமாயின், எங்கோ கசிவு உண்டென்று கருதி, வாகனத்தைப் பட்டறையில் காட்டுங்கள்.