பாட்டு முடியும்வரை சிறுநீர்ப்பை காத்திருக்காது

மாலை ஏழு மணிக்குத் திறந்தவெளியில் இசை நிகழ்ச்சி என்றால், சக்கர நாற்காலியில் வரும் ரசிகர்கள் பலர் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள். மைதானத்தில் கழிப்பறை இருக்குமா, இருந்தாலும் அதற்குள் தங்களால் நுழைய முடியுமா என்பது தெரியாததுதான் காரணம். ஊன்றுகோலுடன் நடப்பவர்கள், மூட்டு தேய்ந்த முதியவர்கள், நடுக்குவாதம் உள்ளவர்கள், வயிற்றில் மலப்பை பொருத்தியிருப்பவர்கள் ஆகியோருக்கும் இதே கவலை உண்டு. வேறு சிலர் டிக்கெட்டே வாங்குவதில்லை. அவர்கள் எந்தக் கூட்டக் கணக்கிலும் வராததால், "மாற்றுத்திறனாளிகள் யாரும் வருவதில்லையே" என்று ஏற்பாட்டாளர்கள் சொல்வதும் வழக்கமாகிவிட்டது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடிப் பேர் மாற்றுத்திறனாளிகள். தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 11.8 லட்சம் பேர். இவர்களில் பாட்டுப் பிடிக்காதவர்கள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்?

விளையாட்டரங்கில் கழிப்பறை இல்லையா?

இருக்கிறது. ஆனால் அது இருக்குமிடம் வேறு. விளையாட்டரங்குகள் பார்வையாளர்கள் கேலரியில் உட்காருவார்கள் என்று நினைத்துக் கட்டப்பட்டவை. கழிப்பறைகளும் அந்த வரிசைகளுக்குப் பின்னால்தான் இருக்கும். இசை நிகழ்ச்சியின்போது விளையாட்டுத் தரையே ரசிகர்கள் நிற்கும் இடமாகிவிடுகிறது. அங்கிருந்து கேலரிக் கழிப்பறைக்குப் போகப் பெரும்பாலும் படியேற வேண்டும். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. போன்ற வெறும் மைதானங்களிலோ வாடகைக்கு வரும் தற்காலிகக் கழிப்பறைகளை நம்பித்தான் எல்லாமே நடக்கிறது.

அப்படி வருபவற்றில் பெரும்பாலானவை சக்கர வண்டியின் மேல் வரிசையாகப் பொருத்தப்பட்ட அறைகள். ஏறுவதற்கு மூன்று நான்கு இரும்புப் படிகள், உள்ளே குத்தவைத்து உட்காரும் பீங்கான், ஒரு ஆள் திரும்பவே சிரமப்படும் அகலம். நல்ல உடல்நிலையில் உள்ளவர்களே மூக்கைப் பொத்திக்கொண்டு ஏறும் அந்த அறை, சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு மூடிய கதவுதான்.

நான்கு மணி நேரக் கணக்கு

தண்டுவடத்தில் அடிபட்டவர்கள் பலருக்குச் சிறுநீர்ப்பை நிரம்பியதை மூளைக்குச் சொல்லும் நரம்புப் பாதை அறுந்திருக்கும். முட்டும் உணர்வு வராது, தானாக வெளியேறவும் செய்யாது. பிறவியிலேயே தண்டுவடக் குறை உள்ளவர்கள், தண்டுவட மரப்பு நோய் உள்ளவர்கள் பலரின் நிலையும் இதுவே. இவர்கள் கடிகாரத்தைப் பார்த்து, பொதுவாக நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, மெல்லிய குழாயைத் தாங்களே செலுத்திச் சிறுநீரை வெளியேற்றுகிறார்கள்.

இந்த எளிய முறைக்குப் பின்னால் பெரிய வரலாறு இருக்கிறது. இரண்டாம் உலகப்போர் வரை தண்டுவடக் காயம் என்றால் சிறுநீர்த் தொற்றாலும் சிறுநீரகச் செயலிழப்பாலும் மரணம் என்றே பொருள். 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் தண்டுவடப் பிரிவைத் தொடங்கிய பிறகு அந்த நிலை மாறத் தொடங்கியது. 1972-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜாக் லாபிடஸ் இன்னொரு கதவைத் திறந்தார். அறுவை அரங்கின் கிருமியற்ற நிலை தேவையில்லை, சோப்புப் போட்டுக் கழுவிய கையும் சுத்தமான குழாயும் போதும் என்றார். சிறுநீர்ப்பை அளவுக்கு மீறி விரியும்போது அதன் சுவருக்கு இரத்த ஓட்டம் குறைகிறது, கிருமிகள் வேரூன்ற அதுவே வாய்ப்பாகிறது என்பது அவர் வாதம். ஆகவே நேரம் தவறாமல் காலி செய்வதையே அவர் முதன்மையாக வலியுறுத்தினார்.

இதை இசை நிகழ்ச்சியோடு பொருத்திப் பார்க்கலாம். வீட்டிலிருந்து கிளம்பி, நெரிசலில் வந்து, நுழைவாயிலில் காத்திருந்து, மூன்று மணி நேரம் பாட்டுக் கேட்டுத் திரும்ப ஏழெட்டு மணி நேரம் ஆகிவிடும். இடையில் ஒருமுறையாவது கழிப்பறை வேண்டும். இல்லையென்றால் தொற்று, காய்ச்சல், அடிக்கடி நேர்ந்தால் சிறுநீரகப் பாதிப்பு.

தலைவலி என்று நினைத்துவிடக் கூடாதது

மார்புப் பகுதியின் ஆறாவது முள்ளெலும்பிலோ அதற்கு மேலோ தண்டுவடக் காயம் உள்ளவர்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. சிறுநீர்ப்பை நிரம்பி வழியும் நிலையில் இரத்த அழுத்தம் திடீரென எகிறும். மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகம் சிவத்தல், காயத்துக்கு மேலே வியர்வை, நெஞ்சுப் படபடப்பு ஆகியவை அறிகுறிகள். கவனிக்காமல் விட்டால் மூளையில் இரத்தக்கசிவு வரை போகலாம். அவரைப் படுக்க வைக்கக் கூடாது. நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, சிறுநீரை உடனே வெளியேற்ற வேண்டும். குழாய் ஏற்கெனவே பொருத்தியிருந்தால் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அறிகுறிகள் அடங்காவிட்டால் தாமதிக்காமல் 108.

தண்ணீரைக் குறைப்பதும் தீர்வாகாது. இதே பிரிவினருக்குக் காயத்துக்குக் கீழே உடல் சரியாக வியர்க்காது, அதனால் சூடு எளிதில் ஏறிவிடும். 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் நடந்த விமானப்படை சாகச நிகழ்ச்சியில் வெயிலில் பலர் மயங்கி விழுந்தார்கள், ஐந்து பேர் உயிரிழந்தார்கள். சென்னை வெயிலில் பெருங்கூட்டம் கூடும் இடத்துக்கு, கழிப்பறைக்குப் பயந்து தொண்டை வறண்டு ஒருவர் வருவதை யாரும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அறைக்குள் என்ன வேண்டும்?

அமெரிக்காவின் மாற்றுத்திறனாளிகள் சட்டத் தரநிலை இதற்குத் தெளிவான அளவுகளைத் தருகிறது. சக்கர நாற்காலி முழுவட்டம் திரும்ப 5 அடி விட்டமுள்ள இடம், 32 அங்குலத் திறப்புள்ள கதவு, 17 முதல் 19 அங்குல உயரத்தில் இருக்கை, பக்கவாட்டிலும் பின்னாலும் கைப்பிடிக் கம்பிகள். சாதாரணத் தற்காலிகப் பெட்டி நான்கடிக்கு நான்கடி இருந்தாலே அதிகம். கொஞ்சம் அகலமான பெட்டியில் சக்கர நாற்காலிப் படத்தை ஒட்டி வாடகைக்கு விடுவதும் உண்டு. நாற்காலி உள்ளே போகும், கதவு சாத்தாது.

நம் ஊருக்கென்று சில தேவைகள் கூடும். இங்கே தண்ணீர் ஊற்றிக் கழுவுவது வழக்கம் என்பதால் தரை எப்போதும் ஈரமாக இருக்கும். ஊன்றுகோல் வழுக்க அதுவே போதும். சொரசொரப்பான தரையும், தண்ணீர் வடிய வழியும் அவசியம். குழாய் செலுத்துபவருக்குக் கைகழுவ சோப்பு, உட்கார்ந்த நிலையில் எட்டும் தண்ணீர்க் குழாய், பொருள்களை வைக்க ஒரு சிறு பலகை, குப்பைக்கூடை, இரவில் நல்ல வெளிச்சம் ஆகியவை வேண்டும். பலகை அற்பமாகத் தோன்றலாம். அது இல்லாவிட்டால் சுத்தமான குழாயை அழுக்குத் தரையிலோ மடியிலோ வைக்க வேண்டியிருக்கும்.

டயப்பர் மாற்ற வேண்டிய பெரியவர்களுக்கு இதுவும் போதாது. பிரிட்டனில் இவர்களுக்காகப் பெரியவர்கள் படுக்கக்கூடிய மேசையும் தூக்கி நகர்த்தும் கருவியும் கொண்ட அறைகளை வண்டியிலேயே அமைத்து இசைத் திருவிழாக்களுக்குக் கொண்டுவருகிறார்கள். அங்கே 2000-இல் தொடங்கிய 'ஆட்டிட்யூட் இஸ் எவ்ரிதிங்' என்ற அமைப்பு, மாற்றுத்திறனாளி ரசிகர்களின் அனுபவத்தைக் கேட்டு ஏற்பாட்டாளர்களுக்கு வழிகாட்டி வருகிறது.

அறை வரைக்கும் போவது எப்படி?

2023 செப்டம்பர் 10 அன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்த ஏ.ஆர். ரஹ்மானின் 'மறக்குமா நெஞ்சம்' நிகழ்ச்சியில், டிக்கெட் வைத்திருந்தவர்கள் பலராலேயே உள்ளே போக முடியவில்லை. அத்தகைய நெரிசலில் சக்கர நாற்காலி ஐம்பது அடி நகர்வதும் நடக்காத காரியம். எனவே கழிப்பறை, சக்கர நாற்காலியினர் அமரும் மேடையை ஒட்டி, அதே தடுப்புக்குள் இருக்க வேண்டும். அமெரிக்க விதியும் ஒரே இடத்தில் கூட்டமாக வைக்கப்படும் பெட்டிகளில் 5 சதவீதம், அதாவது இருபதுக்கு ஒன்று என்ற கணக்கை ஒவ்வொரு தொகுப்புக்கும் தனித்தனியாகவே பார்க்கிறது. எல்லாவற்றையும் ஒரு மூலையில் ஒதுக்கிவிட முடியாது.

அந்த நிகழ்ச்சி முதலில் ஆகஸ்ட் 12 அன்று நடப்பதாக இருந்து மழையால் தள்ளிப்போனது என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. நனைந்த மைதானத்தில் சக்கரம் புதைந்துவிடும். பலகையோ விரிப்போ போட்டுக் கெட்டியான பாதை அமைக்காமல் அருமையான கழிப்பறையை வைத்தும் பயனில்லை. மெரினா மணலில் 2022 நவம்பரில் சக்கர நாற்காலிக்காக மரப்பாதை போட்டுக் காட்டிய நகரம் இது.

சட்டம் கேட்கச் சொல்கிறது

2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பண்பாட்டு நிகழ்ச்சிகளிலும் பொழுதுபோக்கிலும் சம பங்கை உறுதிசெய்கிறது. தனியார் நடத்துவது என்பதால் விலக்கு இல்லை. முதல் மீறலுக்கு 10,000 ரூபாய் வரையும், தொடர்ந்தால் 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் உண்டு. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயத் தரநிலைகள் வேண்டும் என்று மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

நிகழ்ச்சிக்குப் போக நினைப்பவர்கள் டிக்கெட் வாங்கும்போதே கழிப்பறை எங்கே இருக்கும், படி உண்டா, கதவின் அகலம் என்ன என்று எழுத்தில் கேட்டு வைப்பது நல்லது. கிளம்புமுன் சிறுநீர்ப்பையைக் காலி செய்து, மாற்றுக் குழாயும் கைத்துடைப்பானும் எடுத்துக்கொண்டு, அடுத்த வேளைக்குக் கைபேசியில் அலாரம் வைக்கலாம். தண்ணீர் அளவை மருத்துவர் சொன்னபடி தொடர வேண்டும். போய்வந்த இரண்டு மூன்று நாள்களில் குளிர்காய்ச்சலோ, கலங்கிய, துர்நாற்றமுள்ள சிறுநீரோ இருந்தால் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். கேட்டும் வசதி செய்து தராதவர்கள் மீது மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் அளிக்கலாம்.