படர்தாமரையும் வாசனை எண்ணெய்களும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்கள் மழை குறைந்த பூமி. ஆயினும் ஈரத்தை விரும்பும் பூஞ்சை நோய்களுக்கு இங்குக் குறைவில்லை. வியர்வையே அதற்குக் காரணம். கரிசல் காட்டில் பகல் முழுதும் உழைப்போருக்கும், நூற்பாலை வெக்கையில் நிற்போருக்கும் இடுப்பிலும் தொடையிடுக்கிலும் வியர்வை தங்குகிறது. கோடையில் குளிக்கவும் துவைக்கவும் தண்ணீர் போதுவதில்லை. படர்தாமரையும் தேமலும் இவ்வாறு பற்றுவனவே.

இவற்றிற்கு மூலிகை எண்ணெய் உதவுமா என்று நம்மிடம் பலர் வினவுகின்றனர். வேப்பெண்ணெயும் புங்கெண்ணெயும் வித்தைச் செக்கிலிட்டு ஆட்டி எடுப்பவை. வாசனை எண்ணெயோ இலை, மொட்டு, விதை முதலியவற்றை நீராவியில் வடித்து எடுப்பது. நூறு கிலோ பச்சை எலுமிச்சைப்புல்லில் ஏறக்குறைய அரைக் கிலோ எண்ணெயே தேறும். விலை மிகுவதும் கலப்படம் புகுவதும் இதனால்தான். அப்புல்லின் எண்ணெயில் சிட்ராலும், கிராம்பில் யூஜினாலும், ஓமத்தில் தைமாலும் உள்ளன. இவை பூஞ்சையின் மேலுறையைச் சிதைத்து வளர்ச்சியைத் தடுப்பது ஆய்வுக்கூடங்களில் பலமுறை கண்ட உண்மை.

ஆனால் கண்ணாடித் தட்டில் மடியும் பூஞ்சை மனிதத் தோலிலும் அவ்வாறே மடியும் என்று கொள்ளலாகாது. ஆஸ்திரேலியாவில் தேயிலை மர எண்ணெயைக் கால் பூஞ்சை நோய்க்குச் சோதித்தனர். (நாம் பருகும் தேயிலைக்கும் இம்மரத்திற்கும் உறவில்லை.) நூற்றுக்குப் 10 பங்கு எண்ணெய் கலந்த களிம்பு அரிப்பையும் செதிலையும் குறைத்தது, பூஞ்சையை ஒழிப்பதில் வெறுங்களிம்பை விஞ்சவில்லை என 1992இல் வெளியான ஆய்வு கூறிற்று. 2002இல் வெளியான ஆய்வில் 50 பங்கு வலிவுடன் பூசியோரில் நூற்றுக்கு 64 பேருக்குப் பூஞ்சை நீங்கிற்று. மருந்தில்லாக் கரைசலைப் பூசியோரில் 31 பேருக்கே நீங்கிற்று. எனினும் வலிவான எண்ணெயால் சிலருக்குத் தோல் அழன்றது. அரிப்பு அடங்குவது வேறு, நோய் தீர்வது வேறு.

வாசனை எண்ணெயை நேரே தடவினால் தோல் வெந்துவிடும். ஒரு சிறு கரண்டி (5 மில்லி) தேங்காயெண்ணெய்க்கு 2 சொட்டே அளவு. முதலில் முன்கையில் தடவி ஒரு நாள் பார்த்தல் வேண்டும். இவ்வளவு நீர்த்த எண்ணெய் அரிப்புக்குச் சற்று ஆறுதல் தரலாம், மருந்தென நம்புவதற்கில்லை. குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் வேண்டவே வேண்டாம். உள்ளுக்குக் கொடுத்தால் நஞ்சாகும்.

இதனினும் பெருங்கேடு, கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு. இரண்டே நாளில் சிவப்பு மறையும். உள்ளே பூஞ்சை பரவும். இத்தகைய ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்பதை மத்திய அரசு 2018இல் தடை செய்தது. இந்தியாவில் இன்று மலிந்துள்ள, வழக்கமான டெர்பினாபின் மருந்துக்குப் பலவேளை பணியாத பூஞ்சைக்கு 2020இல் ‘டிரைக்கோபைட்டான் இண்டோடினியே’ எனப் பெயரிடப்பட்டது.

ஆகவே படை தோன்றியதும் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்புமாறு ஊராட்சி உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். வீட்டில் எத்தனை பேருக்கு உண்டோ அத்தனை பேரும் ஒருங்கே சிகிச்சை பெறுதல் அவசியம். ஒருவர் துண்டை மற்றவர் உபயோகிக்கலாகாது. உள்ளாடைகளை நாணி இருட்டறையில் உலர்த்தும் வழக்கம் நம் பெண்மக்களிடையே உண்டு. அவற்றையும் வெயிலிலேயே உலர்த்துக. நம் சீமையில் வெயிலுக்கா பஞ்சம்!