உங்களுக்குத் தெரியுமா? ஒரு ட்ரோன், ஐந்து செட் பேட்டரி!

நாமக்கல் மாவட்டக் காவிரிக்கரையில் ஆளுயரம் வளர்ந்த கரும்புக்குள் ஸ்பிரேயரைத் தோளில் மாட்டிக்கொண்டு நுழைவது பெரும்பாடு. ட்ரோனுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால், 10 லிட்டர் மருந்தைச் சுமந்து பறந்தால் பேட்டரி கால் மணி நேரம் தாங்குவதே அரிது. மறுபடி சார்ஜ் ஏற சுமார் ஒரு மணி நேரம் ஆகிவிடும்.

அதனால்தான், 15,000 மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கான மத்திய அரசின் 'நமோ ட்ரோன் தீதி' திட்டத்தில் ட்ரோனோடு வரும் ஒரு செட் போக, கூடுதலாக 4 செட் பேட்டரிகளும் உண்டு. இரண்டை ஒன்றாகப் போடும் வேக சார்ஜரும், சார்ஜர் ஹப்பும் சேர்ந்தே வரும். ஒரு செட் பறக்க, மற்றவை வரப்போரம் சார்ஜ் ஏற, ஒரு நாளில் 20 ஏக்கர் வரை முடிக்கலாம் என்பது கணக்கு.

மின்செலவு? 22.2 வோல்ட், 22 ஆம்பியர்-ஹவர் பேட்டரிகள் இரண்டை நிரப்ப ஏறக்குறைய 1 யூனிட்தான்! கரண்ட் இல்லாத காட்டில் ஜெனரேட்டர் கைகொடுக்கும்.

சேலத்துச் சித்திரை வெயிலில் இறங்கிய பேட்டரியைச் சூட்டோடு சார்ஜில் போடக்கூடாது. நிழலில் ஆறவைக்க வேண்டும். சில நாள் வேலை இல்லையென்றால் ஒரு செல்லுக்கு சுமார் 3.8 வோல்ட் இருக்கும்படி வைப்பார்கள். முழு சார்ஜில் கிடந்தால் லித்தியம் பாலிமர் பேட்டரி உப்பிவிடும்.