குளம்பழற்சியின் முதற்பொழுது

புத்தளத்திலிருந்து கற்பிட்டிக்குச் செல்லும் வீதியில், காவலரின்றித் திரியும் கழுதைக் கூட்டங்களைக் காணாதார் இலர். முற்காலத்து அராபிய வணிகர் பொதி சுமத்தற்பொருட்டுக் கொணர்ந்தவற்றின் வழிவந்தவை இவை என்பது மரபுவழிச் செய்தி. மோட்டார் வண்டி வந்தபின் பொதி ஒழிந்தது, கழுதை எஞ்சியது. இன்று அது வறண்ட புல்லையும், மனிதர் எறியும் பழஞ்சோற்றையும் பாணையும் தின்று உயிர்வாழ்கின்றது. இரக்கத்தாற் கூடை கூடையாக இடப்படும் அச்சோறே அதன் காலைக் கெடுக்கவும் கூடும் என்பதை அறிந்தோர் சிலரே.

வயிற்றிற் புகுந்த தீனி குளம்பிற் சென்று ஊறு செய்வது எங்ஙனம்? குதிரையினத்து விலங்கின் கால் ஒற்றை விரலின் நுனியிலே நிற்பது. அவ்விரலின் இறுதி என்பு குளம்பின் அடியில் ஊன்றியிருப்பதன்று. குளம்புச் சுவரின் உட்புறத்தே தொங்கவிடப்பட்டிருப்பது. குதிரையின் குளம்பொன்றில் ஏறக்குறைய 550 முதல் 600 வரையான மெல்லிய தகடுகள், நம் இரு கைவிரல்களைக் கோத்தாற்போல, என்பையும் சுவரையும் பிணைத்து நிற்கின்றன. இத்தகடுகள் அழலுறுதலே குளம்பழற்சி. பிணைப்புத் தளர்ந்தால் உடற்பாரம் என்பைக் கீழே அழுத்தும். என்பு சுழன்று உள்ளங்குளம்பைத் துளைத்தலும் உண்டு.

பண்டைக் கிரேக்கரே இத்தகைய நோயொன்றை வாற்கோதுமையின் மிகையோடு தொடர்புபடுத்திப் பேசினர். மாப்பொருள் அளவுக்கு மீறிச் சிறுகுடலிற் செரியாது பெருங்குடலை அடையுமாயின், ஆங்குள்ள பற்றீரியாக்கள் பல்கி இலக்றிக்கமிலத்தை உண்டாக்கும். குடற்சுவர் பழுதுற, நச்சுப்பொருள்கள் குருதியிற் கலக்கும்.

நொண்டல் தோன்றிய நாளே நோய் தொடங்கிய நாள் எனப் பலர் நெடுங்காலம் எண்ணினர். அஃது அவ்வாறன்று. கறுப்பு வால்நட் என்னும் அமெரிக்க மரத்தின் வைரத்தினின்று எடுத்த சாற்றைக் குதிரைகளுக்குச் செலுத்திச் செய்த ஆய்வுகளில், ஒன்றரை மணி நேரத்துள்ளேயே தகடுகளில் அழற்சியைத் தூண்டும் பொருள்களுக்கான சுரப்பு முயற்சி மிகுந்தமை காணப்பட்டது. வெண்குழியங்கள் நாளச் சுவர்களிற் பற்றி, அவற்றைக் கடந்து இழையத்துட் புகுந்தன. அப்பொழுது அவ்விலங்கு நொண்டவில்லை, நோவுற்றதாகவும் தோன்றவில்லை. மெய்யாகவே ஆபத்தான காலம் இம்மௌன காலமே. பிற இடத்து வீக்கத்திற்கு விரிய இடமுண்டு. கொம்புபோன்ற குளம்பின் உள்ளேயோ சிறிதும் இல்லை.

எனினும் எல்லாக் குளம்பழற்சியும் இவ்வழியே வருவதென்று கொள்ளலாகாது. நலமுள்ள மட்டக்குதிரைகளுக்கு இன்சுலினை இடைவிடாது செலுத்த, 72 மணி நேரத்துள் அவை இந்நோயுற்றமை 2007இல் வெளியான ஆய்வொன்றால் தெளிவாயிற்று. இவ்வகையில் வெண்குழியங்களின் படையெடுப்பு அத்துணை முனைப்பாய் முன்வருவதில்லை. வறண்ட நிலத்துக்கே அமைந்த உடலினதாகிய கழுதை, வளமான தீனி கிடைப்பின் எளிதிற் கொழுக்கும். ஆதலின் அதற்கு இரு வழியும் திறந்தேயுள்ளன.

அழற்சியின் முதற்பொழுதிலேயே தடுக்க வழி உண்டா? குவீன்சுலாந்துப் பல்கலைக்கழகத்துப் பொலிற்று முதலியோர் 2004இல் வெளியிட்ட ஆய்வில், நோய்தூண்டும் வெல்லப்பொருள் கொடுக்கப்பட்ட குதிரைகளின் ஒரு முன்காலை மட்டும் 48 மணி நேரம் பனிக்கட்டி நீரில் வைத்தனர். குளிர்ந்த காலிற் சிதைவு மிகக் குறைந்திருந்தது. மற்றைய கால் நோயுற்றது. இக்கரையோரத்து மீன்வாடிகளிற் பனிக்கட்டிக்குப் பஞ்சமில்லை. ஆயினும் அரைக்காட்டு விலங்கொன்றை இரண்டு நாள் அந்நீரில் நிறுத்துவார் யார்? அன்றியும் கழுதை நோவை வெளிக்காட்டாது மறைக்கும் இயல்பினது. அது நொண்டத் தொடங்கும்வரை காத்திருப்போன் பிந்திவிட்டான். சாக்கைப் பிரித்து அரிசியை வயிறார உண்ட கழுதையொன்றைக் கண்டால், அன்றே, அது நலமாய் நடக்கும்போதே, மிருக வைத்தியரை அழைத்தல் வேண்டும். குளம்பின் வெம்மையையும், கணுக்காலின் பின்புறத்து நாடி வழமையினும் வலிதாய் அடிப்பதையும் கைவைத்தே அறியலாம், கழுதை இசையுமாயின்.