மர்மப் படத்தின் முதல் இரண்டு நிமிடங்கள்

நுழையும்முன்

திரைப்படம் பார்ப்போர் பலர். அதன் ஒரு காட்சி எவ்வாறு உருவாகிறது என்பதை அறிந்தோர் சிலர். கைப்பேசியிலேயே படம்பிடிக்க இயலும் இக்காலத்தில் மாணவர்களும் குறும்படங்கள் எடுக்கின்றனர். மர்மப் படம் ஒன்றின் தொடக்கக் காட்சியை ஒரு மாணவர் குழு திட்டமிட்டுப் படம்பிடிக்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

எளிது போலத் தோன்றும் பணி

இங்கிலாந்தில் மேல்நிலை வகுப்பில் ஊடகவியல் பயின்ற மாணவர்களுக்கு ஒரு செயல்முறைப் பணி அளிக்கப்பட்டு வந்தது. புதிய கதைப்படம் ஒன்றின் பெயர் வரிசையையும் தொடக்கத்தையும் இரண்டு நிமிடங்களுக்கு மிகாமல் உருவாக்க வேண்டும் என்பதே அப்பணி. இத்தகைய பணிக்கு மர்மப் படம் மிகவும் ஏற்றது. அதற்குப் பெரிய அரங்கமோ மிகுந்த செலவோ தேவையில்லை. ஆளில்லாத ஓர் அறையும் பாதி திறந்த ஒரு கதவும் போதும்.

ஆயினும் முதன்முறை முயல்வோர் ஒரு பிழை செய்வதுண்டு. இருண்ட அறை, ஓடும் கால்கள், ஓர் அலறல் ஆகியவற்றை அடுக்கினால் அச்சம் தானே பிறக்கும் என்று எண்ணிவிடுகின்றனர். யாருக்கு என்ன நேரப்போகிறது என்பதை அறியாத பார்வையாளர் எதற்காக அஞ்சுவார்? யாருக்கு எது எப்பொழுது தெரிய வேண்டும் என்பதை முடிவுசெய்வதே மர்மப் படத்தின் முதல் வேலையாகும்.

அதிர்ச்சியும் எதிர்பார்ப்பும்

மர்மப் படங்களுக்குப் புகழ்பெற்ற இயக்குநர் ஆல்பிரட் ஹிட்ச்காக், 1962ஆம் ஆண்டு பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா துரூஃபோவுடன் நிகழ்த்திய நீண்ட உரையாடலில் இதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறினார். இருவர் மேசையருகே அமர்ந்து பேசிக்கொண்டிருக்கின்றனர். திடீரென மேசையின் கீழிருந்த குண்டு வெடிக்கிறது. பார்வையாளர் சில நொடிகள் அதிர்ச்சி அடைவர், அவ்வளவே. குண்டு இருப்பதும் அது வெடிக்கும் நேரமும் பார்வையாளருக்கு முன்னரே தெரிந்திருந்தால், அதே பேச்சைப் பல நிமிடங்கள் பதற்றத்துடன் கேட்பர். பேசுவோருக்கு மட்டும் அது தெரியாது. இவ்வேறுபாடே எதிர்பார்ப்பை உண்டாக்குகிறது.

ஆர்சன் வெல்ஸ் இயக்கிய 'டச் ஆஃப் ஈவில்' என்னும் 1958ஆம் ஆண்டுப் படம் இம்முறையில் தொடங்குகிறது. ஒருவன் குண்டின் நேரத்தை அமைத்து, அதை ஒரு மகிழுந்தில் வைத்துவிட்டு மறைகிறான். பின்னர் அம்மகிழுந்து மக்கள் நடமாடும் தெருக்களில் ஊர்ந்து செல்வதை ஒளிப்படக்கருவி மூன்று நிமிடங்களுக்கும் மேலாக, இடையில் வெட்டில்லாமல் பின்தொடர்கிறது.

தமிழில் எஸ். பாலச்சந்தர் இயக்கி 1954இல் வெளிவந்த 'அந்த நாள்' வேறொரு வழியைக் கையாண்டது. பாடல்களே இல்லாத அப்படத்தின் தொடக்கத்திலேயே நாயகன் சுடப்பட்டு இறக்கிறான். சுட்டவர் யார் என்னும் வினா படம் முழுவதையும் நடத்திச் செல்கிறது. முதல் வழியில் பார்வையாளருக்குப் பாத்திரத்தைவிடக் கூடுதலாகத் தெரியும். இரண்டாம் வழியில் முதன்மையான ஒரு செய்தி அவரிடமிருந்து மறைக்கப்படுகிறது. மாணவர் குழு தனக்கு ஏற்ற வழியைத் தொடக்கத்திலேயே தேர்ந்தெடுக்க வேண்டும்.

தாளில் உருவாகும் படம்

ஒரு மாணவர் குழு பின்வரும் கதையைத் தேர்ந்தெடுத்ததாகக் கொள்ளலாம். பள்ளி முடிந்த மாலைப்பொழுது. நூலகத்தில் எவருமில்லை. மேசைமீது ஒரு குறிப்பேடு கிடக்கிறது. புத்தக அடுக்கின் கீழ் இடைவெளியில் இரண்டு கால்கள் அசையாமல் நிற்கின்றன. மறந்துவிட்ட குறிப்பேட்டை எடுக்க ஒரு மாணவி உள்ளே வருகிறாள். அதன் கடைசிப் பக்கத்தில், அவள் எழுதாத எழுத்தில், அன்றைய தேதியும் '4.40' என்னும் நேரமும் உள்ளன. சுவர்க் கடிகாரத்தில் மணி 4.38. வெளியே கதவு பூட்டப்படும் ஒலி கேட்கிறது. முள் 4.40ஐத் தொடுகிறது, விளக்கு அணைகிறது, படத்தின் பெயர் திரையில் தோன்றுகிறது.

இக்கதையைக் குழு முதலில் இரண்டு பத்திகளாகப் பிரித்து எழுதும். ஒன்று பார்வையாளர் அறிவது. மற்றொன்று மாணவி அறிவது. கால்கள் முதல் பத்தியில் மட்டுமே இடம்பெறும். ஆகவே மாணவி வருமுன்னரே அக்கால்களைக் காட்டிவிட வேண்டும் என்பது தெளிவாகும். பின்னர்க் காட்டினால் அது வெறும் அதிர்ச்சியாக முடிந்துவிடும்.

அடுத்தது காட்சித் துணிப்புகளின் பட்டியல். ஒருமுறை இயக்கி நிறுத்தும்வரை கருவி பதிவுசெய்வதைத் திரைத்துறையினர் 'ஷாட்' என்பர். தமிழில் இது காட்சித் துணிப்பு எனப்படும். ஒவ்வொன்றும் ஐந்தாறு நொடிகள் எனக் கொண்டால், 120 நொடிகளுக்கு 20 முதல் 24 துணிப்புகள் தேவைப்படும். அறை முழுவதையும் காட்டச் சேய்மைக் காட்சி, குறிப்பேட்டின் எழுத்தைக் காட்ட மிக அண்மைக் காட்சி என ஒவ்வொன்றின் தன்மையும் குறிக்கப்படும். பிறகு ஒவ்வொரு துணிப்பும் கட்டம் கட்டமாக வரையப்படும். இதுவே கதைப்பலகை. ஓவியத் திறன் இதற்குத் தேவையில்லை. குச்சி உருவங்களே போதும். கருவி எங்கு நிற்கும், பாத்திரம் எத்திசையில் நோக்கும் என்பவை தெளிவாக இருந்தால் சரி.

படம்பிடிக்கும் நாள்

இரண்டு நிமிடக் காட்சியைப் படம்பிடிக்க மூன்று மணி நேரம் ஆகலாம். அதற்குள் சன்னல் வழியே வரும் வெயில் இடம் மாறிவிடும். எனவே சன்னல் தெரியும் துணிப்புகள் அனைத்தையும் கதை வரிசையைப் பொருட்படுத்தாமல் ஒன்றாக முடித்துவிடுவது நலம்.

இக்கதையில் கடிகாரம் பெரிய இடரை விளைவிக்கும். கதையில் மணி 4.38ஆக இருக்க, சுவரில் 2.15 என்று காட்டினால் அச்சம் நகைப்பாக மாறிவிடும். ஆகவே கடிகாரத்தின் மின்கலத்தை எடுத்துவிட்டு, ஒவ்வொரு துணிப்புக்கும் முன் முள்ளைக் கையால் திருப்பி வைக்க வேண்டும். மாணவியின் பை எந்தத் தோளில் தொங்கியது, குறிப்பேடு எப்பக்கம் திறந்திருந்தது என்பவற்றையும் குறித்துக்கொள்ள ஒருவரை நியமிக்க வேண்டும். இதனைத் தொடர்ச்சி காத்தல் என்பர்.

மாணவிக்கும் அடுக்குக்கும் இடையே ஒரு கோடு இருப்பதாகக் கற்பனை செய்துகொண்டு, கருவியை அக்கோட்டின் ஒரே பக்கத்தில் வைத்துப் படம்பிடிக்க வேண்டும். கோட்டைத் தாண்டினால், வலப்பக்கம் நோக்கியவள் அடுத்த நொடி இடப்பக்கம் நோக்குவாள். கால்கள் எங்குள்ளன என்பது பார்வையாளருக்குக் குழம்பிவிடும்.

இந்தியாவில் மின்னோட்டம் நொடிக்கு 50 சுழற்சிகள் கொண்டது. ஆதலால் நொடிக்கு 25 சட்டங்கள் என்னும் வேகத்தில் பதிவுசெய்தால் குழல்விளக்கின் மினுக்கல் குறையும். மின்விசிறியை நிறுத்திவிடுவதும் இன்றியமையாதது; அதன் இரைச்சல் காலடி ஓசையை விழுங்கிவிடும். இறுதியில், எவரும் பேசாமல், வெற்று அறையின் அமைதியை ஒரு நிமிடம் பதிவுசெய்து வைத்தல் வேண்டும். தொகுக்கும்போது ஒலியில் ஏற்படும் இடைவெளிகளை அது நிரப்பும்.

தொகுத்தல்

ஒரே முகத்தை வெவ்வேறு காட்சிகளுடன் இணைத்தால், பார்வையாளர் அம்முகத்தில் வெவ்வேறு உணர்ச்சிகளைக் காண்பர் என்பதை ருசிய இயக்குநர் லெவ் குலஷோவ் தம் சோதனைகளால் விளக்கினார். மாணவியின் முகத்தை அடுத்துக் கடிகாரம் வந்தால் அது பரபரப்பாகும்; அடுக்கின் கீழுள்ள கால்கள் வந்தால் அச்சமாகும். நடிப்பவர் மிகையாக அஞ்சிக் காட்ட வேண்டியதில்லை. கடிகாரத்தின் ஓசையைத் தனியே பதிவுசெய்து சிறிது சிறிதாக உயர்த்தினால், இசையின்றியே பதற்றம் கூடும். இசை சேர்ப்பதாயின், அது குழுவினரே அமைத்ததாகவோ உரிய இசைவு பெற்றதாகவோ இருத்தல் வேண்டும்.

குழுவின் பொறுப்பு

பள்ளி முதல்வரின் இசைவைப் பெறுவதும், காவலரிடம் முன்கூட்டியே தெரிவிப்பதும் முதற்கடமைகளாகும். பொம்மைத் துப்பாக்கியையோ போலிக் கத்தியையோ பொது இடத்தில் காட்டுதல் தவறு. படப்பிடிப்பு என்பதை அறியாதோர் உண்மையாகவே கலங்கி ஓடக்கூடும். நடிப்பவரிடம் சொல்லாமல் அவரைத் திடுக்கிடச் செய்து படம்பிடிப்பதும் கூடாது. விளக்கு எப்பொழுது அணையும், கதவு எப்பொழுது பூட்டப்படும் என்பவை அம்மாணவிக்கு நன்கு தெரிந்திருக்க வேண்டும். கதவும் உண்மையில் பூட்டப்படலாகாது. நண்பர்கள்மீது அவள் கொண்ட நம்பிக்கை ஒரு காட்சிக்காகக் குலையுமாயின், அப்படம் எவ்வளவு சிறந்திருந்தாலும் தோல்வியே.

திரையில் தோன்றும் அச்சம் பொய். அதனை உருவாக்கும் உழைப்பும் ஒழுங்கும் மெய். இரண்டு நிமிடங்களுக்குப் பின் அடுத்து என்ன நேர்ந்தது என்று பார்வையாளர் ஒருவர் கேட்பாராயின், குழு தாளில் வரைந்த குச்சி உருவங்கள் தம் வேலையைச் செய்துவிட்டன எனலாம்.

அருஞ்சொற்பொருள்

இடர் – துன்பம், இடையூறு
இசைவு – ஒப்புதல்
இன்றியமையாதது – மிகவும் தேவையானது
சேய்மை – தொலைவு
அண்மை – அருகு
நகைப்பு – சிரிப்பு

பயிற்சி

1. அதிர்ச்சிக்கும் எதிர்பார்ப்புக்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
2. சுவர்க் கடிகாரத்தின் மின்கலத்தை எடுத்துவிட வேண்டியதன் காரணம் யாது?
3. வெற்று அறையின் அமைதியைப் பதிவுசெய்வதால் விளையும் பயன் என்ன?
4. பிரித்து எழுதுக: முதற்கடமை, குறிப்பேடு, காட்சியை.
5. உங்கள் பள்ளியின் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, ஒரு நிமிட மர்மக் காட்சிக்கு 'பார்வையாளர் அறிவது', 'பாத்திரம் அறிவது' என இரு பத்திகள் எழுதுக. அதற்கு ஆறு கட்டங்களில் கதைப்பலகை வரைக.